அச்சில் வராமல் போன ஒரு வரி

தேர்வு அறையில் கூடுதல் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் கபாலி அண்ணன் வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் கையால் என்னைக் கூப்பிட்டார். "தேசப்பன் சார் பூட்டாரும்மா. பால் வாங்கினு வந்து வாசப்படியில குந்தினவரு, அப்படியே சாஞ்சிட்டாராம்." கடிகாரத்தைப் பார்த்தேன். தேர்வு முடிய இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. "முடிச்சிட்டே வா. பாதியில வந்தா அவரே திட்டுவாரு," என்றார். நான் உள்ளே போய் வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். நவீன உலக வரலாற்றுத் தாள். மூன்றாவது கேள்வி முதல் உலகப் போருக்கான காரணங்களை விளக்கச் சொன்னது. முன்வரிசைப் பெண் காரணங்களுக்கு எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு வரை வந்திருந்தாள்.

டோல்கேட் அருகே இருந்த அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது செய்தி காத்திருந்தது. சாரின் மனைவி சாந்தி அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஊர்ல எடுக்கமாட்டேன்னுட்டாங்க நசீமா," என்றார். ஊர் என்று அவர் சொன்னது எண்ணூர்ப் பக்கம் சார் பிறந்த குப்பத்தை. அங்கே ஒருவர் இறந்தால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணலில் அவர்களுக்கென்று இடுகாடு இருக்கிறது. மறுநாள் காலை அந்தக் குப்பத்துப் படகுகள் எல்லா நாளும் போலக் கடலுக்குப் போயின. சாரை மூலக்கொத்தளத்துப் பொது இடுகாட்டில் புதைத்தோம்.

ஏன் என்று அன்று பலர் என்னிடம் கேட்டார்கள். குப்பத்தில் சொல்லப்படும் பதில் இது: தேசப்பன் தன் அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன்னை மறைத்துக்கொண்டான். கல்லூரியிலும் இரண்டொருவர் இதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அவரை அறிந்த உங்களுக்கு நான் இதை எழுதுவது அந்தப் பதில் தவறு என்று சொல்வதற்குத்தான். தவறு என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எனக்குத் தனி மேசை இல்லை. அவர் தன் மேசையின் பாதியைக் காலி செய்து கொடுத்தார். முதல் வாரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தோம். 'முதல் உலகப் போருக்கான காரணங்களை விளக்குக' என்று நான் எழுதினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "காரணம் பத்து எழுதுனா பத்து மார்க்கு. காரியம் பண்ணவன் பேர எழுதுனா அதுக்கு இன்னாம்மா மார்க்கு?" வகுப்பில் நல்ல தமிழில் பேசுகிறவர், துறை அறைக்குள் வந்ததும் சட்டையைத் தளர்த்துவது போலப் பேச்சையும் தளர்த்திக்கொள்வார்.

எங்கள் வாதம் அன்று தொடங்கி ஆறு வருடம் நடந்தது. கூட்டணிகள், ஆயுதப் போட்டி, சந்தை, படைகளை எல்லைக்குக் கொண்டுபோகும் ரயில் அட்டவணை என்று நான் அடுக்குவேன். ஒருமுறை நகர ஆரம்பித்த பிறகு யாராலும் நிறுத்த முடியாத இயந்திரம் அது என்பேன். "ரயில் தானா கெளம்புமா? பச்சைக் கொடி ஆட்டுனவன் ஒருத்தன் கீறான்ல?" என்பார். கொடி ஆட்டியவனை மட்டும் பிடித்தால் தண்டவாளம் போட்டவன் தப்பித்துவிடுவான் என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அவன் பேரையும் எழுது. யாரு வேணாம்னா?"

அந்தப் போரின் பழி கைமாறிக்கொண்டே வந்த கதையை அவர் சொல்லிக் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். வென்றவர்கள் தோற்ற நாட்டின் தலையில் பழியை எழுதி, அதன் கீழேயே அந்த நாட்டின் கையெழுத்தையும் வாங்கினார்கள். தோற்ற நாடு தன் மேல் குற்றமில்லை என்று காட்ட அரசுக் கோப்புகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. மற்ற நாடுகளும் வெளியிட்டன. எதை அச்சிடுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு நாடும் தானே முடிவுசெய்தது. கொஞ்ச காலத்தில், குறிப்பாக யாரும் குற்றவாளி இல்லை, எல்லாரும் சறுக்கி விழுந்தோம் என்பது பாடமாகிவிட்டது. இன்னொரு போரும் முடிந்து வெகுநாள் கழித்து, அந்தத் தோற்ற நாட்டிலேயே பிறந்த ஒரு வரலாற்றாசிரியர் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் தலைவர்கள் தெரிந்தேதான் செய்தார்கள் என்று எழுதினார். சொந்த நாட்டவர்களே அவர் மேல் பாய்ந்தார்கள். அண்மைக் காலத்தில் மறுபடியும் பழியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறவர்கள் வந்திருக்கிறார்கள். நான் இவர்கள் பக்கம். சார் கோப்பைத் திறந்தவர் பக்கம். "அடுத்தவன் வூட்டுக் குப்பையை எல்லாரும் பாப்பானுங்க. தன் வூட்டைக் கூட்டுனவன் அவன் ஒருத்தன்தான்," என்பார்.

இதெல்லாம் எங்கோ நடந்த போரைப் பற்றிய பேச்சு என்றுதான் முதல் இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

அவர் கல்லூரியில் முதலாண்டு படித்தபோது அவருடைய குப்பத்துக்கும் அதற்கு வடக்கே இருந்த குப்பத்துக்கும் சண்டை மூண்டது. ஊர்களின் பெயர் இங்கே வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருடையதைத் தெற்குக் குப்பம் என்கிறேன். வடக்கே சிலர் சுருக்குமடி வலை வாங்கினார்கள். பொடி மீனையும் விடாமல் வாரிவிடும் வலை. தெற்கே அதைக் கூடாது என்றார்கள். நடுக்கடலில் எங்கள் வலையைத் தெற்கத்தியான் அறுத்தான் என்பது வடக்கின் பேச்சு. அதற்கு முன்பே எங்கள் படகை வடக்கத்தியான் இடித்துக் கவிழ்த்தான் என்பது தெற்கின் பேச்சு. ஒரு நாள் உச்சி வெயிலில் தெற்கிலிருந்து இரண்டு படகில் ஆட்கள் போய், வடக்குக் கரையில் குவித்திருந்த வலைக்குத் தீ வைத்தார்கள். விடியும்வரை கடலில் இருந்துவிட்டு வந்த கோதண்டம் என்பவர் அந்தக் குவியலுக்குப் பின்னால் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து ஓடுவதற்குள் எரிந்த வலை அவர் மேல் சரிந்துவிட்டது. வழக்கு நடந்தது. யார் தீ வைத்தது என்று ஒரு சாட்சிகூடச் சொல்லாததால் எல்லாரும் விடுதலையானார்கள். தெற்குக் குப்பத்தின் பஞ்சாயத்து கூடி, இது ஊர் செய்தது, ஊர் ஏற்றுக்கொள்கிறது, தனி ஆளின் பெயரை யாரும் வெளியே சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது.

இந்தச் சண்டையைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதலாம் என்று சொன்னது நான்தான். எனக்கு ஒரு கருத்து தயாராக இருந்தது. துறைமுகத்துக்காகக் கடலில் கொட்டிய கற்கள் கரையைத் தின்றன. ஆற்றில் சாம்பல் படிந்தது, வெந்நீர் கலந்தது, மீன் குறைந்தது. ஒருவருக்கே போதாத கடலில் இரண்டு ஊர்கள் முட்டிக்கொண்டன. நான் வண்ணாரப்பேட்டைக்காரி, அத்தாவுக்குத் துணிக்கடை. இரண்டு குப்பத்திலும் எனக்கு உறவும் பகையும் இல்லை என்பதால் பெண்கள் என்னிடம் தயங்காமல் பேசினார்கள்.

கோதண்டத்தின் மனைவி பூங்காவனத்தம்மாவைப் பார்க்க இருவரும் போனோம். காசிமேட்டில் மீன் விற்கிறவர். வீட்டு வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ எந்தூரு?" என்றார் சாரைப் பார்த்து.

"தெக்காலக் குப்பம்கா."

"தெக்காலயா! தில்லு கீது உனக்கு. குந்து."

நான் என் கேள்விகளைக் கேட்டேன். துறைமுகம் வருவதற்கு முன் கரை எவ்வளவு அகலம், எந்த மீன் வருவது எப்போது நின்றது, இந்த மாதிரி. பொறுமையாகச் சொன்னவர், ஒரு இடத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதெல்லாம் அப்பவும் இருந்திச்சி, இப்பவும் கீது பாப்பா. நான் அத்த கேக்கல. போலீசு வந்தான், வக்கீலு வந்தான், இப்ப நீ வந்துகீற. எல்லாரும் ஊரு கொளுத்திச்சி, ஊரு கொளுத்திச்சின்றீங்க. ஊருக்குக் கையி கீதா? நெருப்பு வச்ச கை யாருதுன்னு ஒருத்தனாவது சொல்லுங்கடா. நான் அவன அடிக்கப் போறதில்ல. தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

சார் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. பேருந்து திருவொற்றியூரைத் தாண்டியது. பிறகு, "நசீமா, அந்தம்மா கேட்டது நியாயமான கேள்விம்மா," என்றார்.

துறை வெளியிட்ட தொகுப்பு நூலுக்காகக் கட்டுரையை இரண்டு பகுதியாகப் பிரித்துக்கொண்டோம். சுருங்கிய கரையைப் பற்றியது என் பகுதி. அந்த மதியத்தைப் பற்றியது அவருடையது. என் பகுதியைப் படித்துவிட்டு, "வளர்ச்சி மீனவர்களை மோதவிட்டதுன்னு எழுதிகீற. வளர்ச்சின்னு ஒருத்தன் கீறானா? எந்த ஆபீஸ்ல குந்தினு கீறான்? அவன் பேர எழுதும்மா," என்றார். நான் சிரித்தேன். மாற்றவில்லை. அவருடைய பகுதி ஐந்து பக்கம், கையெழுத்தில். நான்காம் பக்கத்தில், வலைக்குத் தீ வைத்தது ஏழுமலை என்று தன் அண்ணனின் பெயரை எழுதியிருந்தார். அண்ணனிடம் கேட்டீர்களா என்றேன். "கேட்டேன். எழுதுன்னாரு," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அடுத்த வரி இப்படி இருந்தது: "தீப்பெட்டியை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்."

அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு வந்த வாரம் சார் மார்பு வலியோடு மருத்துவமனையில் இருந்தார். அச்சகத்தில் அன்றே திருத்தித் தரச் சொன்னார்கள். நான் சிவப்புப் பேனாவால் அந்த ஒரு வரியை அடித்தேன். அவரிடம் கேட்கவில்லை. எனக்கு நானே அன்று சொல்லிக்கொண்ட காரணங்கள் இரண்டு. கட்டுரை முழுவதும் படர்க்கையில் நடக்கிறது, திடீரென்று எழுதுகிறவர் உள்ளே வந்து நிற்பது ஆய்வுக்கு அழகில்லை என்பது ஒன்று. அவருடைய வேலைக்கு இடைஞ்சல் வரலாம் என்பது மற்றது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை வெகுநாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டிபன் டப்பாவிலிருந்து பிரியாணியை எடுத்துத் தின்றுகொண்டு, "உங்க அம்மா கைக்கு வளையல் போடணும்" என்று சொல்கிறவர் அந்தத் தீப்பெட்டியைக் கொடுத்தவராக இருக்க வேண்டாம் என்று நான் விரும்பினேன்.

புத்தகம் வந்த அன்று அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை புரட்டினார். "இங்க ஒரு வரி இருந்திச்சே?"

"நான்தான் எடுத்தேன் சார். கட்டுரைக்கு வெளியில நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"கட்டுரைக்கு வெளியில," என்று திருப்பிச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்மா."

இந்த மாதிரித் தொகுப்புகளுக்கு அடுத்த பதிப்பு வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கோபப்படவில்லையே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் தெற்குக் குப்பம் அவரை ஊர் விலக்கம் செய்தது. அவரோடும் அவர் குடும்பத்தோடும் யாரும் பேசக்கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக்கூடாது. என் பகுதியை மட்டும் நகலெடுத்துப் பஞ்சாயத்துக் கொட்டகையில் ஒட்டினார்கள். பார், வெளியூர்ப் பெண்ணுக்குத் தெரிகிறது, கம்பெனிக்காரன்தான் காரணமென்று. சொந்த ஊர்க்காரனுக்குத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். என் எழுத்தை ஊர் சுவரில் ஒட்டியது எனக்குள் சின்ன மகிழ்ச்சியைக்கூடத் தந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் அவருடைய அம்மா இறந்தார். மகனை இடுகாட்டு மணலுக்குள் விடவில்லை. நெடுஞ்சாலை ஓரமாக, வரிசையில் நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலிருந்து பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் வகுப்புக்கு வந்துவிட்டார். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு விலையா சார் என்று நான் கேட்டேன். அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "முழுசா சொன்னாதாம்மா அதுக்குப் பேரு உண்மை. பாதி சொன்னா அதுக்கு வேற பேரு."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதைப் பொதுவான பேச்சாக எடுத்துக்கொண்டு அடுத்த மணிக்கு வகுப்புக்குப் போனேன்.

மூலக்கொத்தளத்தில் மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வடக்குக் குப்பத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களில் பூங்காவனத்தம்மாவும். தன் கணவரைக் கொன்ற ஊரின் பிள்ளைக்கு மண் போட அவர் ஏன் வந்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வாசல் பக்கம் ஒரு பெரியவர் தனியாக நின்றார். சாரின் அதே நெற்றி, அதே காது. குழி மூடிய பிறகு அவர் என்னிடம் வந்தார்.

"நசீமான்றது நீதான? நான் ஏயுமலை. அவனோட அண்ணன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"ஊரே தொயிலுக்குப் போயிருக்கு. நான் போகல. அதுக்கு நாளைக்கு என்னிய இன்னா சொல்வானுங்களோ, சொல்லட்டும். என் பேர எய்துனதுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா. நான்தான் எய்துடான்னேன். காசிமேட்டுல அந்தம்மா மூஞ்சப் பாக்குறப்பல்லாம் திரும்பிக்கினு போவேன். எத்தினி வருசம் அப்பிடிப் போறது? ஆனா ஒண்ணு சொன்னேன். உன் பேரையும் எய்துன்னேன். எங்கம்மா தலையில கைய வச்சி சரிண்ணான்னான். புக்கு வந்திச்சி. என் பேரு கீது, அவன் பேரு இல்ல."

"அண்ணா..."

"இரு. அன்னிக்குக் கூட வந்தவனுங்க பாதிப் பேரு உயிரோட கீறானுங்க. பெட்டி குடுத்தது யாருன்னு அவனுங்களுக்குத் தெரியாதா? பஞ்சாயத்துல கூப்ட்டுக் கேட்டாங்க. எய்துனேன், அச்சுல உட்டுப்போச்சின்னான். எவன் உட்டது, பேரு சொல்லுன்னாங்க. வாயத் தொறக்கல. அத்தினி பேரு முன்னால நின்னுகினு, வாயத் தொறக்கல. அப்பால எவன் நம்புவான்? நானே நம்பல."

"நான்தான் எடுத்தேன்," என்றேன்.

"இன்னா?"

"அந்த வரியை நான்தான் எடுத்தேன் அண்ணா. அவர் எழுதியிருந்தார். அவர் கையெழுத்து என்கிட்ட இருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. அப்படியே மண்ணில் குந்தினார். தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "எங்கம்மா சாவுக்கு அவன உள்ள உடாதேன்னு கைய நீட்டி மறிச்சது நான்தாம்மா," என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான்கு நாள் முன்பு அந்தக் கையெழுத்துப் பக்கத்தோடு தெற்குக் குப்பத்துக்குப் போனேன். ஏழுமலை அண்ணன் என்னைப் பஞ்சாயத்துக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். சுவரில் என் கட்டுரையின் நகல் மஞ்சளாகி இன்னும் ஒட்டியிருந்தது. ஊர்த் தலைவர் பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் படித்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்குப் படித்தும் காட்டினார்.

"இத்த அடிச்சது நீயா?"

"ஆமா."

"அவன் சொன்னானா அடிக்கச் சொல்லி?"

"இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் கேட்கவில்லை."

"நைனா, படிச்சவங்க வேலையப் பாத்தியா?" என்றார் ஓரத்தில் இருந்த ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "கடல்ல ரெண்டு வல சிக்கிக்கும். சில நேரம் அறுத்துதான் ஆவணும். அறுத்தவன் கரைக்கு வந்ததும் மொத வேலையா, வல யாருதோ அவன் வூட்டாண்ட போயி, நான்தான் அறுத்தேன்னு சொல்லணும். அன்னிக்கே சொல்லணும். சொல்ட்டா அது சண்ட இல்ல. சொல்லாம வூட்டுக்குப் போயித் தூங்குனான் பாரு, அவன்தான் திருடன். நீ மூணு வருசம் கழிச்சி வந்துகீற. அவன் உயிரோட இருந்தப்ப இந்த வழி தெரியலியா உனக்கு?"

ஊர் வழக்கம் தெரியாது, பஞ்சாயத்தில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டதும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைக்குச் சார் சொன்ன 'வேற பேரு' எனக்கு அன்றே கேட்டிருந்ததால் சொல்லவில்லை.

அவர்கள் கூடிப் பேசினார்கள். சாந்தி அக்காவும் பிள்ளைகளும் ஊருக்குள் வரலாம் போகலாம். ஏழுமலை காரியம் செய்யலாம். செத்தவரைத் தோண்டி எடுத்துக்கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது. அது அப்படியேதான். இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடிந்தது. பதினாறாம் நாளாவது அவருக்காகப் படகுகள் நின்றனவா என்று சிலர் கேட்டார்கள். போயின. மீன் படுகிற பருவம்.

பூங்காவனத்தம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்று காசிமேட்டுக்குப் போனேன். அவர் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், "தெரியும்," என்றார்.

"எப்படிம்மா?"

"அவன்தான் வந்து சொன்னான். ஆஸ்பத்திரியிலேந்து வந்த புதுசு. நெருப்பு வச்சது எங்கண்ணன், பெட்டி குடுத்தது நான்னான். அடிக்கணும்னு கையி வந்திச்சி. அடிக்கல. போடான்னேன். அப்பறம் வருசா வருசம் எங்க வூட்டுக்காரரு தெவசத்துக்கு வந்து தெருவுல நிப்பான். உள்ள கூப்புட்டதில்ல. போன வருசம் தண்ணி குடுத்தேன்."

"இதை அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் நீங்கள் சொல்லியிருந்தால்..."

"என்னிய எவன் கேட்டான்?" என்றார். பக்கத்துக் கடைக்காரம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏ மே, கேளு இத்த. தெக்காலப் பஞ்சாயத்துல என்னியக் கூப்ட்டு, நாற்காலி போட்டு சாட்சி கேப்பானுங்களாம்." பிறகு என்னிடம் திரும்பினார். "உங்க புக்குலயும்தான் நீ என்னாண்ட மீனு வெலதான கேட்ட."

விலை கேட்கவில்லை, எந்த மீன் நின்றது என்றுதான் கேட்டேன். ஆனால் அவர் சொன்னது சரி.

என் பெயரை அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. தற்காலிக வேலையில் இருக்கிற பெண், போய்விடும் என்று நினைத்திருக்கலாம். தனியாக அந்தக் கரைக்கு வந்துபோகிறவள் மேல் ஊரின் கோபம் திரும்ப வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். தான் கொடுத்த தீப்பெட்டிக்கு இதுவும் சேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் என்னிடம் சான்று இல்லை. எது எனக்கு ஆறுதல் தருகிறதோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது எளிது. அவரோடு ஆறு வருடம் ஒரே மேசையில் இருந்துவிட்டு அதைச் செய்யக் கூச்சமாக இருக்கிறது.

கரை சுருங்கியது உண்மை. சாம்பல் கொட்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பெயரை நான் இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும். ஆனால் தேசப்பன் சார் தன் அம்மாவின் அடக்கத்தை லாரிகளுக்கு நடுவிலிருந்து பார்த்ததற்குக் கரையும் சாம்பலும் பொறுப்பில்லை. இதை ஒரு ஆய்விதழில் எழுதச் சொல்லியிருந்தால், 'பதிப்புச் சூழலில் ஒரு வரி விடுபட்டது' என்று எழுதியிருப்பேன்.

அவருடைய பேனா, புத்தகம் எதையும் சாந்தி அக்காவிடம் நான் கேட்கவில்லை. கையெழுத்துப் பக்கத்தை ஏழுமலை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் பொய்யர் என்று அழைக்கப்பட்டுப் பதில் சொல்லாமல் வாழ்ந்த மூன்று வருடங்களைத்தான். அவை என்னுடையவை. எனக்குப் பதிலாக அவர் கழித்தார்.